வெளிநாட்டு இரவில் முதல் அடி: சல்சா, பச்சாத்தா பழகப் போகிறவர்களுக்கு

லண்டனுக்கு வந்த முதல் வருடம் விடியற்காலையில் ஒரு அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் வேலையில் இருந்தேன். கூட வேலை செய்தவர்களில் பாதிப்பேர் தென்னமெரிக்கர்கள். அதில் கொலம்பியாவின் காலி நகரத்து அம்மா ஒருவர் இருந்தார். என் அம்மாவின் வயது இருக்கும். அவருடைய ஆங்கிலமும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. குப்பை வாளியைத் தள்ளிக்கொண்டு போகும்போதே அவருடைய கால்கள் ஏதோ ஒரு கணக்கில் நடக்கும். ஒருநாள் அவர் கேட்டார்: “சனிக்கிழமை இரவு என்ன செய்கிறாய்?” நான், “நித்திரை” என்றேன். “இருபத்துநான்கு வயதில் நித்திரையா? எங்களோடு ஆட வா” என்றார்.

நான் போகவில்லை. அடுத்த கிழமையும் போகவில்லை. ஆடத் தெரியாது என்று சொன்னேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. ஆணும் பெண்ணும் கை கோர்த்து, தோளில் கை வைத்து ஆடுவதை எங்கள் ஊரில் சினிமாவில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. அதைவிட ஆழமாக இன்னொன்றும் இருந்தது. நந்திக்கடல் பக்கமிருந்து உயிரோடு வந்த ஒருவன் வெளிநாட்டில், இரவில், வெளிச்சம் சுழலும் மண்டபத்தில் ஆடலாமா? இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. ஆனால் இதே கேள்வியோடு வீட்டில் படுத்துக் கிடக்கும் எங்கள் பிள்ளைகள் பலரை அதன் பிறகு சந்தித்திருக்கிறேன். லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண் என்று படிக்கவும் வேலைக்கும் வந்தவர்கள். கூட வேலை செய்பவர்கள் வெள்ளிக்கிழமை கூப்பிடுவார்கள். இவர்கள் ஏதாவது சாட்டுச் சொல்லிவிட்டு அறைக்குத் திரும்புவார்கள்.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போவதா விடுவதா என்பது அவரவர் விருப்பம். போனால் அங்கே என்ன நடக்கும், எதை முதலில் பழகவேண்டும், எங்கே கவனமாக இருக்கவேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த முடிவை எடுப்பது சுலபம்.

அந்த இரவு எப்படி இருக்கும்

பெரிய நகரங்களில் சல்சா இரவு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இரண்டு பகுதி கொண்டது. மாலை ஏழு, ஏழரைக்கு வகுப்புத் தொடங்கும். புதியவர்களுக்கு ஒரு மூலை, பழகியவர்களுக்கு இன்னொரு மூலை. ஒன்றரை மணித்தியாலத்தில் வகுப்பு முடிய, அதே இடத்தில் விளக்கைக் குறைத்து, பாட்டைக் கூட்டி, பொது ஆட்டம் தொடங்கும். அது நள்ளிரவு தாண்டி ஒரு மணி, இரண்டு மணி வரை போகும். லண்டனில் இரண்டுக்கும் சேர்த்து 10 முதல் 15 பவுண் வரை கேட்பார்கள். சில இடங்களில் வகுப்புக்கு மட்டும் காசு, சில இடங்களில் குறித்த நேரத்துக்கு முன் போனால் இலவசம்.

தனியாகப் போகலாம். சோடியோடு வரவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வகுப்பில் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிவிடுவார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் இருபது பேரோடு கை கோர்த்திருப்பீர்கள். முதல் ஐந்து பேர்வரை கை வியர்க்கும். ஆறாவது ஆளுக்கு வரும்போது அவருடைய கையும் வியர்த்திருப்பது தெரியும். அதற்குப் பிறகு பயம் கொஞ்சம் குறையும்.

ஒருவர் நடத்துவார், மற்றவர் தொடர்வார். அடுத்த அசைவு எது என்பதை நடத்துபவர் தீர்மானித்து, கையாலும் உடல் சாய்வாலும் தெரியப்படுத்துவார். தொடர்பவர் அதை வாசித்து ஆடுவார். முன்பு ஆண்தான் நடத்துவது, பெண்தான் தொடர்வது என்று இருந்தது. இப்போது பல வகுப்புகளில் யார் எதைப் பழகுவது என்பதை அவரவரிடமே விட்டுவிடுகிறார்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து ஆடுவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆண்களோடு ஆடக் கூச்சப்படும் எங்கள் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து போனால், ஆளுக்கொரு பக்கம் பழகிக்கொண்டு தங்களுக்குள்ளேயே ஆடலாம்.

இன்னொன்று: இந்த இடங்களில் குடி குறைவு. குடித்துவிட்டுச் சுழன்றால் விழவேண்டியதுதான். நன்றாக ஆடுகிறவர்கள் கையில் தண்ணீர்ப் போத்தல்தான் இருக்கும். இதனால் மதுச்சாலை நடத்துபவர்கள் சல்சாக்காரர்களை அவ்வளவாக விரும்புவதில்லை என்று ஒரு பகிடி உண்டு. குடிக்காதவர்கள் வெட்கப்படாமல் போகக்கூடிய இரவு வாழ்க்கை வெளிநாட்டில் வேறு எவ்வளவு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

எதில் தொடங்குவது

சல்சா என்று பெயர் போட்டிருந்தாலும் ஒரே இரவில் மூன்று நான்கு வகை ஆட்டங்கள் வரும். பாட்டைக் கேட்டதும் எது எது என்று தெரியவேண்டும். இல்லாவிட்டால் நடுவே நின்று முழிக்கவேண்டி வரும்.

மெரெங்கேதான் எல்லாவற்றிலும் இலகு. ஒரு தட்டுக்கு ஓர் அடி. இடது, வலது, இடது, வலது. நடக்கத் தெரிந்தவருக்கு மெரெங்கே பாதி தெரியும். ஒரு முழங்கால் மடிய மற்றது நிமிரும்போது இடுப்புத் தானாக அசையும். அசைக்கவேண்டும் என்று முயன்றால்தான் அசிங்கமாகத் தெரியும். இதன் மேளத்துக்குத் தம்போரா என்று பெயர். இரண்டு பக்கமும் தோல் கட்டிய மேளம், மடியில் குறுக்கே வைத்து ஒரு பக்கம் தடியாலும் மறுபக்கம் கையாலும் அடிப்பார்கள். கோயில் திருவிழாவில் தவில்காரருக்குப் பக்கத்தில் நின்று வளர்ந்தவருக்கு அந்த மேளத்தைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். முதல் நாளே பொது ஆட்டத்தில் இறங்கவேண்டுமென்றால் மெரெங்கே வரும்வரை காத்திருங்கள்.

அடுத்தது பச்சாத்தா. எட்டு எண்ணிக்கை. இடப்பக்கம் மூன்று அடி, நான்காவதில் வலது காலை நிலத்தில் தொட்டு எடுப்பது. பிறகு வலப்பக்கம் மூன்று அடி, எட்டாவதில் இடது காலைத் தொட்டு எடுப்பது. தொடுகின்ற காலில் பாரம் வைக்கக்கூடாது. புதியவர்கள் எல்லோரும் பிழைவிடுவது இந்த இடத்தில்தான். தொட்ட காலில் பாரத்தைப் போட்டுவிட்டால் அடுத்த அடிக்கு எந்தக் காலை எடுப்பது என்று குழம்பும். பாட்டில் கிற்றார் மேல் சுருதியில் விட்டுவிட்டு மீட்டப்படும். கூடவே உலோகத்தைச் சுரண்டுகிற குய்ராவின் சத்தம் வரும். இந்த இரண்டும் கேட்டால் பச்சாத்தா.

சல்சா கொஞ்சம் சிரமம். இதுவும் எட்டு எண்ணிக்கைதான், ஆனால் நான்கிலும் எட்டிலும் அடி கிடையாது. நடத்துபவருக்கான அடிப்படை இது: ஒன்றில் இடது கால் முன்னுக்கு, இரண்டில் வலது கால் இருந்த இடத்திலேயே, மூன்றில் இடது கால் நடுவுக்குத் திரும்பும், நான்கில் நிறுத்தம். ஐந்தில் வலது கால் பின்னுக்கு, ஆறில் இடது கால் இருந்த இடத்தில், ஏழில் வலது கால் நடுவுக்கு, எட்டில் நிறுத்தம். தொடர்பவர் இதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல, முதல் அடியை வலது காலால் பின்னுக்கு வைத்துத் தொடங்குவார். பள்ளிக்கூடத்தில் சங்கீத வகுப்பில் தொடையில் தட்டி ஆதி தாளம் போட்டவர்களுக்கு எட்டை எண்ணுவது புதிதல்ல. ஆனால் வேகம் அதிகம். நிமிடத்துக்கு 180 தட்டுக்கு மேல் போகிற பாடல்கள் சாதாரணம். ஆகவே அடி சின்னதாக இருக்கவேண்டும், உங்கள் பாதத்தின் நீளத்தைவிடக் குறைவாக. பெரிய அடி வைப்பவர் எப்போதும் பிந்துவார்.

எங்களுக்கென்று ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் நாங்கள் ஆடுவது குத்தாட்டம். உடல் மேலும் கீழும் துள்ளும், கை வானத்துக்குப் போகும். சல்சாவில் தலை ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். அசைவெல்லாம் இடுப்புக்குக் கீழே. என்னுடைய ஆசிரியர் முதல் இரண்டு மாதமும் “துள்ளாதே, துள்ளாதே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முழங்காலை எப்போதும் கொஞ்சம் மடித்து வைத்தால் துள்ளல் குறையும்.

வீட்டில் பழகுவதற்கு இடம் தேவையில்லை. பல் தீட்டும்போது, சோறு வேகும்போது, அடுப்புக்கு முன்னால் ஒரு பாய் அளவு இடத்தில் எண்ணிக்கொண்டு கால் மாற்றினால் போதும். தினமும் பத்து நிமிடம் செய்தவர் ஆறு கிழமையில் பச்சாத்தாவில் தடுமாறாமல் நிற்பார். சல்சாவுக்கு மூன்று மாதமாவது கொடுங்கள். இணையக் காணொளி பார்த்து அடி பழகலாம், ஆனால் இன்னொருவருடைய கை தருகிற சைகையை வாசிக்கப் பழகமுடியாது. அதற்கு ஆள் வேண்டும். இருபது விதமான சுழற்சி தெரிந்து தாளம் பிசகுகிறவரைவிட, அடிப்படை அடியும் ஒரு சுழற்சியும் மட்டும் தெரிந்து தாளத்தில் நிற்கிறவரோடு ஆடத்தான் எல்லோருக்கும் விருப்பம்.

பச்சாத்தாவில் சென்சுவல் என்று ஒரு வகை வரும். ஸ்பெயினின் காதிஸ் நகரில் உருவாகி ஐரோப்பா முழுதும் பரவியது. மிக நெருங்கி, உடலை அலைபோல வளைத்து ஆடுவது. இணையத்தில் அதிகம் ஓடுகிற காணொளிகள் இதுதான் என்பதால் பச்சாத்தா என்றாலே இதுதான் என்று பலர் நினைத்துப் பயப்படுகிறார்கள். டொமினிக்கன் மக்கள் ஆடுவது அப்படி இல்லை. அது காலால் விளையாடுகிற ஆட்டம், ஒரு முழ இடைவெளி விட்டும் ஆடலாம். சென்சுவல் வகுப்பில் தொடங்காதீர்கள் என்பது என்னுடைய கருத்து. கழுத்தையும் முதுகையும் பழக்கமில்லாமல் வளைத்து நோக்காடு எடுத்தவர்கள் நிறையப்பேர்.

இந்த ஆட்டங்கள் யாருடையவை

நான் கடைசியில் ஒரு சனிக்கிழமை போனதற்குக் காரணம் அந்தக் காலி நகரத்து அம்மா சொன்ன ஒரு விஷயம். “நாங்கள் சந்தோசத்தில் ஆடுகிறோம் என்று நினைக்கிறாயா?” என்று கேட்டார். அவருடைய குடும்பம் பசுபிக் கரையோரக் கிராமத்திலிருந்து ஆயுதக்காரருக்குப் பயந்து காலி நகரத்துக்கு ஓடி வந்தது. கொலம்பியாவில் பல பத்து ஆண்டுகள் நடந்த போரில் இடம்பெயர்ந்ததாக அரசின் பதிவேட்டில் இருப்பவர்கள் மட்டும் 80 இலட்சத்துக்கு மேல். அப்படி வந்த மக்களில் பெருந்தொகையினர் குடியேறிய நகரங்களில் ஒன்று காலி. உலகத்திலேயே அதிவேகமாகக் காலாடும் சல்சா அந்த நகரத்துடையது. ஒருகாலத்தில் 33 சுற்று இசைத்தட்டுகளை 45 சுற்றில் போட்டு ஆடியதால் வந்த வேகம் அது என்று சொல்வார்கள்.

அதன் பிறகுதான் நான் தேடி வாசித்தேன். எங்கள் ஆட்கள் பணக்காரருடைய கேளிக்கை என்று நினைக்கிற இந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை வீடு இழந்தவர்கள், ஊர் விட்டு ஊர் போனவர்கள் ஆடியவை.

பச்சாத்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். டொமினிக்கன் குடியரசை 1930 முதல் 1961 வரை ஆண்டவர் ரஃபாயேல் துருஹியோ என்ற சர்வாதிகாரி. 1937இல் எல்லைப்புறத்தில் ஆயிரக்கணக்கான எயிட்டி மக்களைக் கொல்லுவித்தவர். அவர் மெரெங்கேயை அரசின் இசையாக்கினார்; தன்னைப் புகழ்ந்து நூற்றுக்கணக்கான பாடல்கள் கட்டுவித்தார். வானொலியும் இசைத்தட்டுத் தொழிலும் அவருடைய குடும்பத்தின் பிடியில் இருந்தன. 1961 மே 30ஆம் திகதி அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அதுவரை கிராமத்தில் கட்டிவைக்கப்பட்டிருந்த ஏழை விவசாயிகள் தலைநகர் சாந்தோ டொமிங்கோவுக்கு வந்து அதன் ஓரங்களில் தகரக் கொட்டில் போட்டுக் குடியிருந்தார்கள். ஹோசே மனுவேல் கல்தெரோன் என்ற பாடகர் 1962இல் பதிவுசெய்த பாடல்களே பச்சாத்தாவின் முதல் பதிவுகளாகச் சொல்லப்படுகின்றன. 1965இல் அந்த நாட்டில் உள்நாட்டுப் போரும் அமெரிக்கப் படையிறக்கமும் நடந்தன.

கிற்றாரோடு கொட்டில்களிலும் மதுச்சாலைகளிலும் பாடப்பட்ட அந்த இசையில் பிரிவும் குடியும் கைவிடப்படுதலும்தான் விடயம். அதைக் கசப்பின் இசை என்றே அழைத்தார்கள். பச்சாத்தா என்ற சொல்லையே மேல்தட்டினர் இழிசொல்லாகத்தான் பயன்படுத்தினர். ரேடியோ குவாரச்சித்தா என்ற ஒரு நிலையத்தைத் தவிர பெரும்பாலான வானொலிகள் அதைத் தொடவில்லை. இசைத்தட்டுகள் தெருவோரத்தில் விலைப்பட்டன. 1990இல் ஹுவான் லூயிஸ் கெர்ரா வெளியிட்ட ‘பச்சாத்தா ரோசா’ இசைத்தொகுப்பு கிராமி விருது வாங்கிய பின்னர்தான் கௌரவமான வீடுகளுக்குள் அது நுழைந்தது. பத்து வருடம் கழித்து அதை உலகம் முழுதும் கொண்டுபோனவர்கள் அவெந்துரா குழுவினர், நியூயோர்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்த புலம்பெயர் பிள்ளைகள். 2019இல் யுனெஸ்கோ பச்சாத்தாவை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

சல்சாவும் ஒரு புலம்பெயர் கதை. வேர் கியூபாவின் சொன் இசையில். அங்கே ஆபிரிக்க அடிமைகளின் மேளமும் ஸ்பானியரின் கிற்றாரும் கலந்தன. ஆனால் சல்சா என்ற பெயர் பரவியது நியூயோர்க்கில், புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, டொமினிக்கன் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த தெருக்களில். டொமினிக்கன் குடியேறியான ஜொனி பச்சேக்கோவும் ஜெரி மசூச்சி என்ற வழக்கறிஞரும் 1964இல் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனம்தான் அந்தப் பெயரை விற்றது. பழைய கலைஞர்கள் சிலருக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. சல்சா என்றால் குழம்பு மாதிரித் தொட்டுக்கொள்வது, தாங்கள் வாசிப்பதற்கு ஏற்கனவே பெயர் இருக்கிறதே என்றார்கள். நியாயமான கோபம்தான்.

இந்தப் பாடகர்களில் சேலியா குரூஸ் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். ஹவானாவில் பிறந்தவர். 1960 ஜூலையில் தன் குழுவோடு மெக்சிக்கோவுக்குப் பாடப் போனார், திரும்பவில்லை. 1962இல் அவருடைய தாய் இறந்தபோது அடக்கத்துக்கு வர அனுமதி கேட்டார். கியூபா அரசு மறுத்துவிட்டது. 1990இல் குவாந்தனாமோவிலுள்ள அமெரிக்கத் தளத்தில் பாடப் போனபோதுதான் முப்பது வருடத்துக்குப் பிறகு கியூபாவின் நிலத்தில் கால் வைத்தார். அங்கே ஒரு பிடி மண் எடுத்துவந்தார். 2003இல் அவர் இறந்தபோது அந்த மண்ணையும் அவரோடு வைத்து அடக்கம் செய்தார்கள். தாயின் செத்தவீட்டைத் தொலைபேசிக் காணொளியில் பார்த்த எத்தனை பேர் எங்கள் ஆட்களில் இருக்கிறார்கள். அவருடைய குரலுக்குத்தான் சனிக்கிழமை இரவில் மண்டபம் முழுதும் ஆடுகிறது.

சில இடங்களில் ஒரு அறை கிசொம்பாவுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். அது இலத்தீன் அல்ல, அங்கோலாவினுடையது. 1975 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர் நடந்த நாடு அது. போரின் நடுவே லுவாண்டா நகரத்தில் வளர்ந்த அந்த ஆட்டம் அகதிகளோடு லிஸ்பனுக்குப் போனது. மெதுவானது, ஆனால் நெஞ்சு தொட்டு ஆடுவது. தொடக்கத்தில் பார்த்துக்கொண்டிருப்பது போதும்.

மண்டபத்தின் நடைமுறை

பொது ஆட்டத்தில் ஒருவரைக் கூப்பிடுவது சுலபம். கையை நீட்டி, ஆடலாமா என்று கேட்பது. பெண்களும் கேட்கலாம். ஒரு பாட்டு நான்கைந்து நிமிடம். முடிந்ததும் நன்றி சொல்லி, ஆட்களுக்குள் இடிபடாமல் ஓரத்துக்குக் கூட்டிவந்து விடவேண்டும். ஒருவரோடு ஒன்று அல்லது இரண்டு பாட்டு. அதற்கு மேல் ஆடினால் வேறு அர்த்தம் எடுப்பார்கள். எங்கள் இளைஞர்களுக்கு இதை அழுத்திச் சொல்லவேண்டும்: ஒரு பெண் சிரித்துக்கொண்டு உங்களோடு ஆடினார் என்றால் அந்தப் பாட்டுக்கு ஆடினார், அவ்வளவுதான். அதிலிருந்து கதை கட்டக்கூடாது. மறுத்தால், காரணம் கேட்காமல் நகரவேண்டும். கால் நோகலாம், களைத்திருக்கலாம், உங்களோடு ஆட விருப்பமில்லாமலும் இருக்கலாம். எனக்கு முதல் மூன்று மாதமும் மறுப்புத்தான் அதிகம். எல்லோருக்கும் அப்படித்தான்.

பெண்களுக்கு: உங்களுக்கு ஒவ்வாத அளவு ஒருவர் நெருங்கினால், அவருடைய தோளில் இருக்கும் உங்கள் முன்கையை அழுத்தமாக வைத்தாலே இடைவெளி உண்டாகும். அதுவும் விளங்காதவரை பாட்டின் நடுவிலேயே விட்டுவிட்டு வரலாம். பாட்டு முடியும்வரை பொறுத்திருக்கத் தேவையில்லை. நடத்துநரிடம் சொல்லுங்கள். நல்ல இடங்களில் அப்படிப்பட்டவரை உடனே வெளியேற்றுவார்கள். சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் அந்த இடம் சரியில்லை, வேறு இடம் பாருங்கள்.

ஆடும்போது மற்றவருக்குப் பாடம் எடுக்கக்கூடாது. கையை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. விரல்கள் கொக்கிபோல இருந்தால் போதும், பெருவிரலால் நெரித்தால் சுழலும்போது மற்றவருடைய மணிக்கட்டுப் போய்விடும். றப்பர் அடி கொண்ட விளையாட்டுச் சப்பாத்து நிலத்தில் ஒட்டிக்கொண்டு முழங்காலைத் திருகும். வழவழப்பான அடி கொண்ட சாதாரண தோல் சப்பாத்துப் போதும், ஆட்டச் சப்பாத்தைப் பிறகு வாங்கலாம். மாற்றுச் சேட் ஒன்று கொண்டுபோங்கள். வியர்வை நாற்றம்தான் இந்த உலகத்தில் மன்னிக்கப்படாத குற்றம். அன்று பகல் உள்ளி போட்ட கறியையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

காயம் பட்டவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இடது தோளில் செல் துண்டு இருக்கிறது, கையைத் தலைக்கு மேலே தூக்கமுடியாது. பாட்டுத் தொடங்கும்போதே “இடது கை உயராது” என்று சொல்லிவிடுவார். பழகியவர்கள் அதைத் தவிர்த்து வலது கையால் மட்டும் ஆடுவார்கள். எப்படி நடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. அங்கே முழங்கால் போனவர், முதுகு போனவர் என்று எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது.

உடலில் மட்டும் தங்காத காயங்களும் இருக்கின்றன. இருட்டும் பெருஞ்சத்தமும் கூட்டமும் சிலருக்கு ஆகாது. இன்னொருவருடைய கை முதுகில் படுவதே தாங்கமுடியாதவர்கள் இருக்கிறார்கள், அதற்கான காரணத்தை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. அவர்கள் இரவுக்கு வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பகலில், வெளிச்சத்தில், சமூக மண்டபங்களில் வகுப்புகள் நடக்கின்றன. யாரையும் தொடாமல் தனியாகக் காலாடப் பழக்கும் வகுப்புகளும் உண்டு. கதவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், வேண்டாம் என்றால் வெளியே வாருங்கள். ஆட்டம் மனக்காயத்தை ஆற்றும் என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். நித்திரை இல்லாதவர், பழைய நாட்கள் கண்ணுக்கு முன்னால் வந்து போகிறவர் மருத்துவரைப் பார்க்கவேண்டும். ஆட்டம் ஒரு சனிக்கிழமை இரவைத் தனியாக இல்லாமல் கழிக்க வைக்கும். எனக்கு அந்த அளவு போதுமாக இருந்தது.

அந்தக் குற்ற உணர்ச்சி போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. மே மாதத்தில் நான் ஆடப் போவதில்லை. யாரும் சொல்லி அல்ல, கால் போவதில்லை. காலி நகரத்து அம்மாவுக்கும் அப்படி ஒரு மாதம் இருக்கிறது. அவருடைய தம்பி காணாமல் போனது செப்ரெம்பரில். இதைப் பற்றி நாங்கள் அதிகம் கதைத்ததில்லை.

வீட்டுக்குச் சொல்லத்தான் பயமாக இருந்தது. ஒருநாள் தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். “என்னடா, ஆம்பிளையும் பொம்பிளையும் கையைப் பிடிச்சுக்கொண்டு ஆடுறதோ?” என்றார். ஓம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “கொப்பரும் கோவலன் கூத்து ஆடினவர். முல்லைத்தீவில விடிய விடிய ஆடிப்போட்டு வந்து மூண்டு நாளைக்குக் கால் உளைவெண்டு கிடப்பார். நீ கவனமா வீட்ட போய்ச் சேர்” என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சேருவது உண்மையிலேயே யோசிக்கவேண்டிய விஷயம். லண்டனில் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் சில பாதாள ரயில் பாதைகள் விடிய விடிய ஓடும். மற்ற நாட்களில் இரவு பஸ்தான். போகுமுன்பே கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்து வையுங்கள், தொலைபேசியில் பற்றரி இருக்கட்டும், எங்கே போகிறோம் என்று அறைத் தோழர் ஒருவருக்காவது சொல்லுங்கள். பெண்கள் வகுப்பில் அறிமுகமான இன்னொருவரோடு சேர்ந்து வெளிக்கிடுவது நல்லது. புதியவர்கள் கடைசிவரை நிற்கத் தேவையில்லை. பதினொரு மணிக்கு முன்பே மெரெங்கே இரண்டும் பச்சாத்தா மூன்றும் வந்துவிடும். முதல் இரவுக்கு அது காணும்.